அக்காவின் தலை

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வாலு எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பசிதான் நேரங்காலம் இல்லாமல் வருகிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானுடைய முழங்கால் படியேறச் சம்மதிக்கிறதா?

அக்கா, எனக்குத் தலைகால் புரியவில்லை! கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் நாளே எங்களை ஒரு கூடத்துக்குள் விட்டார்கள். நீளமான கூடம், வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். உள்ளே நுழைந்ததும் நாற்பத்திரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அத்தனையும் தலைகள்! உலகத்துப் பெரிய சிற்பிகள் செய்த மார்பளவுச் சிலைகளின் பிளாஸ்டர் பிரதிகள். ராணி, சேனாதிபதி, பல் போன கிழவர், தூங்கி எழுந்த முகத்தோடு ஒரு குழந்தை. நான் வாயைத் திறந்தபடி நின்றேனாம். பக்கத்தில் நின்ற ஒட்டகம் சொன்னாள். (வகுப்பிலேயே உயரமானவள். பெயர் வைத்தது நான் இல்லை.)

எங்கள் ஆசிரியைக்கு ஈரத்துணி மேடம் என்று பெயர். களிமண் காயாமல் இருக்க வேலை முடிந்ததும் ஈரத்துணி போர்த்த வேண்டும். அவர் நாள் பூராவும் "துணி போட்டியா? துணி போட்டியா?" என்றே கேட்பார். அவர் சொன்னது: "ரெண்டு மாசம் இவங்களைச் சுத்திச் சுத்திப் பாருங்க, வரைங்க. அப்புறம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளோட தலையைச் செய்யணும். டிசம்பர்ல கண்காட்சி. உயிர் இல்லாத தலை மண்தொட்டிக்கே போயிடும்."

மூன்றாவது முயற்சியில் கிடைத்த இடம் அக்கா. வீணாக்க மாட்டேன்.

கூடத்துக்கு ஓட வேண்டும்.
உன் வாலு

*

ஜூலை 2

அன்புள்ள வாலுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். அத்தானின் முழங்கால், தண்ணீர் மீட்டர் பார்க்கப் படியேறினால் வலிக்கிறது. சினிமாவுக்குப் போனால் வலிப்பதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நாற்பத்திரண்டு பேரைப் பற்றி வாசித்துக் காட்டினேன். "அவங்கள்ல யாருக்காவது கண்ணாடி வேணுமான்னு கேளு" என்றார் அத்தான். அவர் ஒரு வாரத்தில் பேசிய பெரிய வாக்கியம் அதுதான்.

உனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். பதினோரு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் நான் பார்ப்பதும் தலை வேலைதானே. ஒரு நாளைக்கு முப்பது முகம். ஃபிரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்ததும், "என்னங்க, ஃபிரேம் கோணல்" என்று சண்டைக்கு வருவார்கள். ஃபிரேம் நேராகத்தான் இருக்கும். காதுதான் ஒன்று மேலே, ஒன்று கீழே. அதைச் சொன்னால் வியாபாரம் போச்சு. "ஆமாங்க, ஃபிரேம்தான்" என்று ஒத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சூடு காட்டிக் காதில் மாட்டும் ஒரு காம்பை வளைத்து வருவேன். இன்றுவரை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் முகத்தை நான் பார்த்ததில்லை. அதனால் ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு, அதையே மறுபக்கத்துக்கும் திருப்பிப் போடலாம் என்று நினைக்காதே. தனித்தனியாக அள.

இன்னொன்று. இங்கே எது நடந்தாலும் பாதியில் விட்டுவிட்டு வராதே. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றதும் பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவந்தாயே, அதில் உனக்கு ஒரு வருஷம் போயிற்று. எனக்கு அந்தத் தழும்பை விட அதுதான் உறுத்துகிறது.

ஆசிகளுடன்,
அக்கா

*

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். விரல் இடுக்கெல்லாம் கரி. நீங்கள் இருவரும் சுகம்தானே?

நீ சொன்ன காது விஷயத்தை வகுப்பில் எடுத்துவிட்டேன். மேடம் அளவெடுக்கும் காலிப்பரைக் கொடுத்து, "அளந்து பார்த்துடுவோம்" என்றார். பதினெட்டு பேரில் பதினேழு பேருக்குக் காது ஏற்றத்தாழ்வு! மீதி ஒருத்தி ஒட்டகம், அவள் காது எங்களுக்கு எட்டவில்லை.

கேள், கேள். ரோமானியர்களின் பழைய தலைகள் சில இருக்கின்றன. சுருக்கம், மரு, தொங்கும் கன்னம், எதையும் மறைக்கவில்லை. பார்த்தால் பக்கத்துத் தெருப் பெரியவர் மாதிரி இருக்கிறார்கள். ஹூடோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி கண் செய்த விதம் இருக்கிறதே! கருவிழியைக் குடைந்துவிட்டு, உள்ளே ஒரு துளிக் கல்லை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க விடுகிறார். அதில் வெளிச்சம் பட்டால் கண் மின்னுகிறது. வெறும் கல் அக்கா, மின்னுகிறது! இத்தாலியச் சிற்பி பெர்னினி, போப்புக்கு அடுத்த பதவியில் இருந்த ஒரு கர்தினாலின் தலையைச் செதுக்கி முடிக்கும் நேரத்தில் பளிங்கில் நெற்றியோடு விரிசல் தெரிந்ததாம். மனுஷன் அசரவில்லை, இன்னொரு கல்லை எடுத்து மறுபடி முழுசாகச் செதுக்கிவிட்டார். எகிப்து ராணி நெஃபர்டிட்டிக்கு இடது கண்ணில் பாவையே இல்லை. ஏன் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் அவள் முன்னால்தான் எப்போதும் கூட்டம்.

முடிவு செய்துவிட்டேன். நான் செய்யப் போவது உன் தலை! உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் எது? முன்பக்கம், இடது, வலது, பின்பக்கம், நான்கு போட்டோ உடனே அனுப்பு. சிரிக்காமல் ஒன்று, சிரித்து ஒன்று என்றால் எட்டு. அத்தானின் கேமராவில் ஃபிலிம் இருக்கிறதுதானே?

காத்துக்கொண்டிருக்கும்,
வாலு

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, கடையில் வேலை அதிகம். இப்போது முன் கவுண்டரில் இல்லை. உள்ளே லென்ஸ் தேய்க்கும் அறைக்கு மாறிவிட்டேன். இயந்திரச் சத்தம் இருந்தாலும் நிம்மதியாக இருக்கிறது. நீ கடைக்குப் போன் செய்ததாகச் சொன்னார்கள். கை வேலையாக இருந்தேன்.

இரண்டு போட்டோ வைத்திருக்கிறேன். அத்தான் எடுத்தது. ஃபிலிம் தீர்ந்துவிட்டதால் இவ்வளவுதான். என் தலையைவிட ஒட்டகத்தின் தலை நன்றாக வரும் என்று தோன்றுகிறது. பக்கத்திலேயே இருக்கிறாள், அளக்க வசதி.

ஒரு சந்தேகம். அந்த எகிப்து ராணியைப் பார்க்க வருகிறவர்கள் எந்தக் கண்ணை முதலில் பார்க்கிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். அங்கே?

நான்கு கேட்டால் இரண்டு அனுப்புகிறாய். அதிலும் ஒன்று பின்னந்தலை! கொண்டை அழகாக வந்திருக்கிறது, அத்தானுக்கு என் பாராட்டைச் சொல். இன்னொன்று வலப்பக்கம் மட்டும். இடதுபக்கத்துக்கு யார் வந்து போஸ் கொடுப்பது?

பரவாயில்லை என்று நினைவை வைத்தே ஆரம்பித்துவிட்டேன். கம்பிக்கூடு கட்டி, பதினாறு கிலோ மண் அப்பி, மூன்று நாளில் ஒரு தலை நிற்கிறது. உயிருள்ள ஆளின் அளவு! மேடம் சுழல்மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது யாரு, சோப்பு விளம்பரமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அழகாக இருந்தது, நீயாக இல்லை. "போட்டோவை வரை. முப்பது தடவை வரை. அப்புறம் மண்ணைத் தொடு" என்று சொல்லிவிட்டார். இதோ கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 11

இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. அந்த வலப்பக்கப் போட்டோவை இருபத்தாறு தடவை வரைந்துவிட்டேன். முதல் பத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் மூக்கிலிருந்து உதட்டோரத்துக்கு இறங்கும் கோடு எனக்கு இடித்தது. உனக்கு அது இத்தனை ஆழம் கிடையாது. உதட்டோரம் காதுப் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. நீ சிரிக்கவும் இல்லை. அப்புறம் மூக்குத் தண்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கிறது. முதலில் ஃபிலிம் கீறல் என்று விட்டுவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது பிளாஸ்திரி.

அக்கா, அந்தப் பக்கம் என்ன?

நான் ஓடி வரவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.
வாலு

*

அக்டோபர் 5

அன்புள்ள வாலுக்கு,

நீ நலமா? பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலையில் பல் விளக்கி வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடதுபக்கமாகத் தானே ஒழுகியது. நான் கோணங்கித்தனம் செய்கிறேன் என்று நினைத்து அத்தான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினார். முழங்கால் அன்றைக்கு வலிக்கவில்லை.

பயப்படாதே, பக்கவாதம் இல்லை. முகத்து நரம்பு வீங்கிவிட்டதாம். இடது பாதி முழுக்க வேலைநிறுத்தம். புருவம் இறங்கிவிட்டது, கண் மூடாது, அதனால் சொட்டு மருந்து விட்டுப் பிளாஸ்திரி போடுகிறேன். ப, ம சொன்னால் காற்றுப் போகிறது. அதனால்தான் போனுக்கு வரவில்லை. "மூணு மாசத்துல வரலாம், ஆறு மாசமும் ஆகலாம். சிலருக்கு முழுசா வராது" என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்துக் கவுண்டருக்குப் போனேன். ஒரு அம்மாவுக்கு மூக்குத் தாங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "ஏங்க என்னை முறைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். நான் முறைக்கவில்லை, சிரித்தேன். அன்றைக்கு மத்தியானமே முதலாளியிடம் உள் அறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உனக்கே தெரியும். சொன்ன அன்றே ரயில் ஏறியிருப்பாய். மூன்றாவது முயற்சியில் கிடைத்த இடம் என்று நீதானே எழுதினாய்.

உன் கண் தேறிவிட்டது. எனக்கு அதில் சந்தோஷமா, எரிச்சலா, தெரியவில்லை.
அக்கா

*

அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்து ஒரு மூச்சு அழுதேன். ஒட்டகம் தண்ணீர் கொண்டுவந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன், எல்லாத் தலைகளையும் மறுபடி பார்த்தேன். அக்கா, அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவருக்குக்கூட உன் முகம் மாதிரி இல்லை! ஒரே முகத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி பேசுகிறாள், ஒருத்தி மௌனம். என் கை அரிக்கிறது. சோப்பு விளம்பரம் போயே போய்விடும். இதைச் செய்து வைத்தால் கண்காட்சிக்கு வருகிறவர்கள் அசந்துபோவார்கள். முதல் பரிசு வேறு யாருக்கும் போகாது.

முன்பக்கமும் இடதுபக்கமும் உடனே படம் எடுத்து அனுப்பு. பிளாஸ்திரி இல்லாமல். நரம்பு சரியாவதற்குள் எடுத்துவிடு! ஒரு ரோல் முழுக்க எடு.

துள்ளிக்கொண்டிருக்கும்,
வாலு

*

அக்டோபர் 16

வாலு,

நான் நலமாக இல்லை என்று எழுதினேன். நீ போட்டோ கேட்கிறாய்.

என் வாய் சரியாவதற்குள் ஃபிலிம் வாங்கிவிட வேண்டும், அப்படித்தானே? நான் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகத்தை நீ மேசை மேல் வைத்து ஊருக்குச் சுற்றிக் காட்டப் போகிறாய், அதற்குப் பரிசும் கிடைக்கும்.

போட்டோ கிடையாது.
அக்கா

*

அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இதை முதல் வரியில் கேட்டிருக்க வேண்டியது போன கடிதத்தில்.

அதைத் தபாலில் போட வெட்கமே இல்லாமல் குதித்துக்கொண்டு போனேன். உன் பதிலை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ முகத்தைத் தேடல, பரிசைத் தேடின" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி நனைக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சோப்பு விளம்பரத்தைக் கம்பியிலிருந்து பிய்த்து மண்தொட்டியில் போட்டுவிட்டேன். ஒட்டகம் எனக்காக உட்காரச் சம்மதித்துவிட்டாள். தினம் இரண்டு மணிநேரம், கொட்டாவி விட்டபடி.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. மண்ணுக்காக இல்லை. விடுமுறைவரை பொறுத்திரு என்றால் பொறுத்திருக்கிறேன். ஓடி வர மாட்டேன், அது உனக்குக் கொடுத்த வாக்கு. கண்ணுக்கு மருந்து நேரத்துக்கு விட்டுக்கொள்.

வாலு

*

நவம்பர் 3

அன்புள்ள வாலுக்கு,

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டாவது நல்ல கடிதம். ஆனால் எனக்கு ஓயாமல் ஞாபகம் வருவது அந்த மடத்தனமான முதல் கடிதம்தான்.

மூன்று மாதமாக என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கடையில் என் காதைப் பார்த்துப் பேசுகிறார்கள். முதலாளி என் தலைக்கு மேலே உள்ள கடிகாரத்தைப் பார்க்கிறார். அத்தான்கூடத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார். என் மனசு நோகக் கூடாதாம். எல்லாரும் நல்லவர்கள். இதைப் பார்க்க வேண்டும், ஒரு ரோல் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். புதன்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஒட்டகத்தை எழுப்பிவிடு, அந்த நாற்காலி எனக்கு வேண்டும்.

பரிசு கிரிசு என்று பேசினால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன்.
அக்கா

*

நவம்பர் 18

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் நலம்தானே? தினமும் முட்டையை மட்டுமே பொரித்துச் சாப்பிடுகிறீர்கள் என்று அக்கா கவலைப்படுகிறாள். அவள் இங்கே நன்றாக இருக்கிறாள். நன்றாக என்று சும்மா எழுதவில்லை. முழுக்கப் படியுங்கள்.

ரயிலடியில் அவளைப் பார்த்ததும் என்ன செய்வேனோ என்று பயந்துகொண்டே போனேன். அவளே என் தாடையைப் பிடித்துத் தூக்கி, "பாரு. நல்லாப் பாரு. அழுதா அழு, ஆனா பார்த்துக்கிட்டே அழு" என்றாள். அப்படித்தான் செய்தேன். போர்ட்டர் பெட்டியோடு காத்திருந்தார்.

மறுநாளிலிருந்து தினம் காலை நான்கு மணிநேரம் ஜன்னலோரம் உட்காருகிறாள். முதல் நாள் கழுத்து விறைத்துப்போய்ப் பொம்மை மாதிரி இருந்தாள். இரண்டாம் நாள் ஒட்டகத்தின் கண்ணாடி மூக்கில் வழுக்குவதைப் பார்த்துவிட்டு, "இங்க வா" என்று கூப்பிட்டுக் காம்பை வளைத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான், பதினெட்டு பேரும் வரிசையில் வந்துவிட்டார்கள். கண்ணாடி போடாதவர்களும் வரிசையில் நின்றார்கள்!

நான் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதினேன். நேற்று ஏழாம் நாள். இடது கண்ணின் உள்முனையிலிருந்து புருவத்துக்குக் காலிப்பர் வைத்தேன். மண்ணில் இருப்பதைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வந்தது.

"அசையாதே அக்கா" என்றேன்.

"நான் எங்கடி அசைஞ்சேன்?"

மறுபடி அளந்தேன். அதே இரண்டு. நோட்டைப் பார்த்தேன், முதல் நாள் அளவு மண்ணோடு சரியாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "புருவத்தைத் தூக்காதேங்கறேன்ல!"

"தூக்க முடிஞ்சா நான் ஏன்டி இங்க வந்து உட்கார்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். மேடம் கையில் சொட்டும் துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"திரும்பத் தூக்குங்க" என்றார் மேடம், மெதுவாக.

அத்தான், அது அசைந்தது! கொஞ்சம்தான், இலை நுனி ஆடுகிற மாதிரி. ஒட்டகம் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். அக்கா கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள், தூக்கினாள், பார்த்தாள், தூக்கினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அவள் புடவை முழுக்க மண்ணாக்கிவிட்டேன். இன்று காலை டாக்டரிடம் போய்வந்தோம். நரம்பு விழித்துக்கொண்டதாம். எவ்வளவு தூரம் வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் வருகிறது என்கிறார்.

டாக்டரிடமிருந்து நேரே கூடத்துக்கு வந்தோம். "புருவத்தை மேலே ஏத்திடட்டுமா? எல்லா அளவையும் மாத்திடலாம்" என்று கேட்டேன். அக்கா தன் மண்தலையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"வேணாம். இதை மூணு மாசமா ஒளிச்சு வச்சு ஒரு போட்டோகூட எடுக்கல. இது போறதுக்குள்ள முடிச்சுடு. சீக்கிரம்!"

உட்கார்ந்துவிட்டாள். நான் ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறேன் அத்தான். தினமும் முகம் என்னைவிட வேகமாக மாறுகிறது. நேற்று புருவம், இன்று உதட்டோரம். பழைய அளவெல்லாம் நோட்டில் இருப்பதால் பிழைத்தேன். மேடம் இன்று மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தானே துணியை நனைத்துப் போர்த்திவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அக்காவை ரயிலேற்றுகிறேன்.
உங்கள் வாலு

*

நவம்பர் 27

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீ நலமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா வந்து சேர்ந்தாள். நீ எழுதிய புருவத்தை இறங்கியதுமே கவனிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனேன். அவள் கையசைத்து, "இங்க, இங்க" என்று கூப்பிட்டதில் மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் பார்த்தேன். நிமிர்ந்து, நன்றாகவே பார்த்தேன். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல, பார்க்கிறேன்" என்றேன். இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

திங்கட்கிழமை முன் கவுண்டருக்குப் போய்விட்டாள். இடதுபக்கம் பாதிதான் வந்திருக்கிறது. யாரோ "முகத்துக்கு என்னங்க?" என்று கேட்டார்களாம். "நரம்பு தூங்கிடுச்சு, எழுந்துக்கிட்டிருக்கு. நீங்க தலையை நேரா வைங்க" என்றாளாம். பத்தாம் தேதி கண்காட்சிக்கு இருவரும் வருகிறோம். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போகும்போது இருந்ததைவிடப் பெட்டி மூன்று மடங்கு கனமாக இருந்தது. என் முழங்கால் தாங்கவில்லை. திறந்தால் களிமண். உன் மேடம் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, அசையக் கூடாது, பேசக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாள். பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு உருளைக்கிழங்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கவலைப்படவில்லை, பாடிக்கொண்டே அப்புகிறாள்.

மூக்குக்கு மண் போதவில்லை என்கிறாள். இன்னும் இரண்டு கிலோ அனுப்பு.

அத்தான்